மோசே ஐந்து மணிக்கு வரச் சொல்லவில்லை

ஜட்ஜம்மா என்ற பெயரை அவளுக்கு யாரும் மரியாதைக்காக வைக்கவில்லை. பதினான்கு வயதில், பள்ளிக்கூடப் படிக்கட்டில், இரண்டு சிநேகிதிகள் ஒரு சீப்புக்காக ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இவளுக்கு மட்டும் சும்மா நிற்க வரவில்லை. நடுவில் புகுந்து சீப்பைப் பிடுங்கி, "யாரு வாங்கினது? முதல்ல அதைச் சொல்லுங்கடி" என்றாள். அவ்வளவுதான், அதுவரை பரம விரோதிகளாக இருந்த இரண்டு பேரும் அந்த நொடியே கூட்டுச் சேர்ந்து இவள்மேல் பாய்ந்தார்கள். "உன்னை யாருடி இங்க ஜட்ஜா வச்சது?" மறுநாளிலிருந்து வகுப்பு முழுக்க ஜட்ஜம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டோடு நின்றுபோனது.

அதற்கு முன்னாலும் ஒன்றும் சாது கிடையாது. ஒன்பது வயதில் அவள் இருந்த குடியிருப்பில் எல்லோருக்கும் ஒரே குழாய். கடைக்காரர் மகன் தினமும் கடைசியில் வந்து முதலில் பிடித்துக்கொண்டு போவான். வயதில் மூத்த பெண்கள்கூடக் கண்டும் காணாமல் வாளியை நகர்த்தி வழி விடுவார்கள். ஒரு நாள் இவள் அவன் கேன் நிறையும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்துவிட்டு, நிறைந்ததும் ஒரே உதையில் சாய்த்துவிட்டாள். வீட்டில் அம்மா கொடுத்த அடி ஒரு வாரம் முதுகில் இருந்தது. "ஊர் வம்பு உனக்கெதுக்குடி? உன் வாளி நிறைஞ்சதா, நீ வந்தியான்னு இருக்க வேண்டியதுதானே?" என்றாள் அம்மா. "அவன் எடுத்தது என் தண்ணி இல்லம்மா, மாடி வீட்டு அக்கா தண்ணி" என்று இவள் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் இரட்டிப்பாகிவிட்டது. தன் தண்ணீருக்காகச் சண்டை போட்டாலாவது அர்த்தம் உண்டாம்.

இருபத்திரண்டு வயதில் பிஸ்கட் ஆலையில் பெட்டி ஒட்டினாள். முப்பது பெண்களுக்குக் கழிப்பறை போக அனுமதி அடையாளமாக ஒரே ஒரு மர வில்லை. அதை மேஸ்திரி தன் மேசை டிராயருக்குள் வைத்துக்கொண்டு, கேட்டு வருகிறவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார். ஜட்ஜம்மா அந்த வில்லையை எடுத்து, எல்லோருக்கும் எட்டுகிற உயரத்தில், கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் மாட்டினாள். மத்தியானத்துக்குள் வேலை போய்விட்டது. வேலை போனதற்காக அவள் கலங்கவில்லை. வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள், முப்பது தலைகளும் பெட்டிமேல் கவிழ்ந்திருந்தன, ஒன்றுகூட நிமிரவில்லை. யாருக்காகப் பேசினோமோ அவர்களே இப்படி இருந்ததுதான் நெஞ்சை அறுத்தது. அந்த ஊர் முகத்திலேயே இனி விழிப்பதில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கு வந்துவிட்டாள்.

வந்த ஊரில் ஒரு மருத்துவமனை லிப்ட்காரரைக் கட்டிக்கொண்டாள். தானுண்டு தன் லிப்டுண்டு என்று இருக்கிற மனிதர். ஏறுகிறவர்கள் சண்டை போட்டுக்கொண்டால்கூட மாடி எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணத்துக்கு முன்பே ஒரு நிபந்தனை போட்டார். "உனக்குக் கோபம் வந்தா என்னைத் திட்டு, எவ்வளவு வேணாலும் திட்டு. வெளியில மட்டும் வேண்டாம்." அவளும் சரி என்றாள். அவர் சிபாரிசில்தான் அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். அப்படியே பத்தொன்பது முறை புதுப்பித்தாயிற்று.

சலவைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்கும், பிளீச்சிங் வாடை மூக்கை விட்டுப் போகாது. துவைக்கும் மெஷின் மூன்று. உலர்த்தும் டிரையர் இரண்டு, அதில் ஒன்று ஒரு வருஷமாகப் பழுது. ஆக, உயிரோடு இருப்பது ஒன்று. காலை நேரத்தில் நான்கு பெண்கள், ஆளுக்கொரு வார்டு. முந்தின நாள் மாலையில் துவைத்து வைத்த ஈர விரிப்புகளை உலர்த்தி, மடித்து, எட்டரை மணிக்குள் மேலே அனுப்ப வேண்டும். ஒருத்தி விரிப்புக்கு அரை மணி நேரம். யார் விரிப்பு உள்ளே சுற்றுகிறதோ அவள் தன் நிறத் துணிப் பட்டையை டிரையர் கைப்பிடியில் கட்டிவைப்பாள். பட்டை கட்டியிருந்தால் அது அவள் முறை, யாரும் தொடக்கூடாது. யாரும் எழுதிவைக்காத சட்டம், ஆனால் பெண்கள் நான்கு பேரும் மீறியதே இல்லை.

மீறுவது இஸ்திரிக்காரர்கள். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டைத் தேய்க்கிற மூன்று பேர், அவர்களுக்குத் தலைவன் ஒருத்தன், அவனுக்குப் பெயரே கோட்டுத் தம்பி. டீ குடித்துவிட்டு ஆறரைக்கு இறங்கி வருவான். பட்டையை அவிழ்ப்பான், பாதி காய்ந்த விரிப்புகளை வாரி மேசையில் போடுவான், கோட்டுகளை உள்ளே திணிப்பான். கேட்டால், "டாக்டர் கோட்டுக்கா, அவசரம்." என்ன அவசரம்? இன்றைக்கு உலர்த்துகிற கோட்டு நாளைக்குத்தான் ஒரு டாக்டர் உடம்பில் ஏறும். சீக்கிரம் முடித்துவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் மூலையில் உட்கார்ந்து அரட்டை அடிக்க வேண்டும், அதுதான் அவசரம். சூப்பர்வைசர் எட்டு மணிக்கு மேல்தான் வருவார். விரிப்பு தாமதமானால் பெண்கள் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். கோட்டைப் பற்றிச் சொன்னால், "உங்களுக்குள்ள பேசிக்குங்க" என்று காதில் வாங்காமல் போய்விடுவார்.

இதற்கு ஜட்ஜம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், "ஏண்டி அவனுங்களோட மல்லுக்கட்டணும்? நாம அஞ்சு மணிக்கே வந்துட்டா, அவனுங்க வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்ல" என்றாள். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் சண்டையும் கிடையாது. பெண்கள் எல்லோரும் பரவசப்பட்டுப்போனார்கள். இவளுக்கும் பெருமை பிடிபடவில்லை. பாருங்க, நான் எவ்வளவு பக்குவமாகிவிட்டேன் என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டாள். அவருக்கும் ஒரே நிம்மதி. அடிதடி, கூச்சல், வேலைநீக்கம் எதுவும் இல்லாமல் ஒரு பிரச்சினை தீர்ந்ததே என்று அன்றைக்கு வீட்டுக்குப் பழம் வாங்கி வந்தார்.

தீர்ந்ததா என்ன? பதினோரு மாதத்துக்கு முன்னால், நான்கு பேரில் ஒருத்தி வேலையை விட்டுப்போக, அந்த இடத்துக்குக் குட்டி வந்து சேர்ந்தாள். ஆள் ஐந்தடிகூட இல்லை, அதனால் அந்தப் பெயர். கைக்குழந்தைக்காரி. குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டம்மா ஐந்தேமுக்காலுக்கு முன்னால் கதவைத் திறக்க மாட்டார். குட்டியால் ஆறு மணிக்குத்தான் வர முடியும். வந்த வரிசையில்தான் முறை, அதற்குள் டிரையரும் ஒன்றாகிவிட்டது. முதல் மூன்று பேர் முடித்துவிட்டு ஆறரைக்கு அவள் முறை வரும், சரியாக அந்த நேரத்துக்குக் கோட்டுத் தம்பியும் வருவான். எத்தனையோ நாள் மற்றவர்கள் தங்கள் விரிப்பிலிருந்து கொடுத்துச் சமாளித்தார்கள். அப்படியும் இரண்டு சிவப்புப் புள்ளி விழுந்துவிட்டது. மூன்றாவது விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எல்லோரும் யார்மேல் கோபப்பட்டார்கள் தெரியுமா? கோட்டுத் தம்பிமேல் இல்லை, குட்டிமேல். "நாங்கெல்லாம் வரலையா? எங்களுக்குக் குடும்பம் இல்லையா?" என்றாள் நெட்டை. நெட்டை என்றால் நால்வரில் உயரமானவள். எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருக்கிற பாட்டுக்காரிகூட உதட்டைப் பிதுக்கினாள். ஜட்ஜம்மாவும் ஒரு நாள் கேட்டுவிட்டாள். "ஒரு மணி நேரம் முன்னாடி வர்றதுல உனக்கு என்னடி கொறஞ்சுபோச்சு?"  குட்டி டிரையரின் பஞ்சு வலையைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த பஞ்சை விரலால் உரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் நிரந்தரப் பட்டியல் பற்றிய பேச்சு வந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக மேலே போகிற பட்டியலில் ஜட்ஜம்மா பெயர் இருக்கிறது என்று சூப்பர்வைசரே அழைத்துச் சொன்னார். "இந்த மாசம் ஒரு புள்ளிகூட விழக்கூடாது, ஒரு புகாரும் இருக்கக்கூடாது. புதன்கிழமை பட்டியல் போகுது." அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கால் நரம்பெல்லாம் சுருண்டுபோய், மாலையில் வீட்டுப் படியேற இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நிரந்தரம் என்றால் உடம்பு முடியாமல் போனாலும் வேலை போகாது, வயதான பிறகு மாதாமாதம் ஏதோ கைக்கு வரும். அவள் அதை ஆசைப்பட்டாள், ரொம்பவே ஆசைப்பட்டாள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அவள் போகிற ஜெபக்கூடத்தில் ஒரு வழக்கம். மாதக் கடைசி ஞாயிறு, போதகருக்குப் பதிலாகச் சபையில் ஒருத்தர் பத்து நிமிஷம் பேச வேண்டும். பகுதியைப் போதகர் குறித்துக் கொடுப்பார். அந்த மாதம் ஜட்ஜம்மாவின் முறை. மோசேயின் வாலிப காலம். "அவர் அப்போ முன்கோபி, சகோதரி. நாற்பது வருஷம் ஆடு மேய்ச்சுத்தான் பொறுமை வந்தது, அப்புறம்தான் தலைவரானார். அதைச் சொல்லி, நாமும் பொறுமையா இருப்போம்னு முடிச்சிடுங்க" என்றார் போதகர். நல்ல மனிதர், தாளில் குறிப்பும் எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளையும் வேதப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷன் எதிரே உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை படித்தாள். நான்காவது தடவை விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது.

"என்னங்க, இதைக் கேளுங்க. இந்த ஏழு பொண்ணுங்களும் கிணத்துல தண்ணி இறைச்சுத் தொட்டியை ரொப்பிட்டாங்க. ரொப்பின பிறகுதான் ஆட்டுக்காரனுங்க வந்து துரத்துறானுங்க. முன்னாடி வரலை, பாருங்க. இறைச்சு முடிக்கிறவரைக்கும் காத்திருந்திருக்கானுங்க."

"அதுக்கென்ன?"

"அப்புறம் மோசே எழுந்து அவனுங்களை விரட்டுறாரு. பொண்ணுங்க வீட்டுக்குப் போறாங்க. அப்பன்காரர் கேக்குறாரு, இன்னைக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்கன்னு. சீக்கிரமாம். அப்படின்னா மத்த நாளெல்லாம்?"

புருஷன் ஊசியை நிறுத்தினார். "மத்த நாளெல்லாம் லேட்டா வந்திருப்பாங்க."

"ஏன் லேட்டு? தினமும் துரத்துறானுங்க, அதான். தினமும் ரெண்டு தடவை இறைச்சிருக்காங்க. அது பழகிப்போய், அப்பனுக்கு அந்த லேட்டுத்தான் சரியான நேரமா ஆயிடுச்சு. ஒரு நாள் நியாயமா நடந்ததும் ஆச்சரியமா இருக்கு."

அவர் வாரைக் கீழே வைத்தார். இந்தக் குரல் அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டது.

அவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு பெண்கள் இறைத்த தண்ணீரை நாலு பேர் பிடுங்கிக்கொள்கிறார்கள். அந்தக் கிணற்றடியில் மோசே இருந்த இடத்தில் ஜட்ஜம்மா உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? சின்ன வயது ஜட்ஜம்மா என்றால் தொட்டியையே கவிழ்த்திருப்பாள். இப்போதைய ஜட்ஜம்மா? "அவனுங்களோட ஏண்டி மல்லுக்கட்டணும், நாளையிலேர்ந்து நீங்க முன்னாடியே வந்து இறைச்சுக்கிட்டுப் போயிடுங்க" என்று பக்குவமாகச் சொல்லியிருப்பாள். அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. ஆறு வருஷமாகப் பெருமைப்பட்ட காரியம் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. கோட்டுத் தம்பிக்கு வழிவிட்டது யாரும் இல்லை, அவளேதான். வழிவிட முடியாத ஒருத்தியைப் பார்த்து, உனக்கு என்ன கொறஞ்சுபோச்சு என்று கேட்டதும் அவளேதான்.

போதகரின் தாளை நான்காக மடித்து மேசைக் காலுக்கு அடியில் வைத்தாள். அந்த மேசை ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது.

ஞாயிறன்று ஜெபக்கூடத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் சலவைக்கூடச் சூப்பர்வைசர், மனைவியோடு. அவரும் அதே சபைதான். ஜட்ஜம்மா எழுந்து நின்றாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மோசேயோட வாலிபத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நாப்பது வயசெல்லாம் வாலிபமான்னு சிரிக்காதீங்க. நூத்திருபது வருஷம் இருந்த மனுஷனுக்கு நாப்பது வாலிபம்தான். எனக்கு அம்பத்தொண்ணு, எனக்கும் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குன்னு வச்சுக்குங்க."

சிலர் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார்.

"அவரு அரண்மனையில சுகமா இருந்தவரு. வெளிய வந்து பார்த்தாரு, ஒருத்தன் ஒருத்தனைப் போட்டு அடிக்கிறான். தாங்க முடியலை. அடிச்சவனைக் கொன்னுட்டாரு. அது சரின்னு நான் சொல்ல வரலை, தப்புதான். மறுநாள் போறாரு, தன் ஆளுங்களே ரெண்டு பேரு அடிச்சுக்குறானுங்க. ஏம்ப்பான்னு கேட்டதுக்கு, உன்னை யாரு எங்களுக்குத் தலைவனா வச்சதுன்னு கேட்டுட்டானுங்க. அந்தக் கேள்வி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உயிருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினாரு. தலையிட்டதாலதான் வீடு போச்சு, வாசல் போச்சு. இனிமே எவன் எவனை அடிச்சா எனக்கென்னன்னு ஒரு மனுஷன் இருந்தா யாரும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா என்ன பண்ணாரு? போன இடத்துல, புது ஊருல, களைச்சுப்போய்க் கிணத்தடியில உட்கார்ந்திருக்காரு. ஏழு பொண்ணுங்களைத் துரத்துறானுங்க. யாருன்னே தெரியாத பொண்ணுங்க. மறுபடியும் எழுந்துட்டாரு."

 யாரும் சிரிக்கவில்லை.

"பொறுமை வந்த பிறகு தலைவரானாருன்னு சொல்றாங்க. இருக்கட்டும். ஆனா பின்னாடி அத்தனை ஜனங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் ராஜா முன்னாடி நின்னது ஆடு மேய்ச்ச பொறுமை மட்டும் இல்லீங்க. கிணத்தடியில எழுந்த அந்த மனுஷன்தான். ஒரு தடவை அடி வாங்கியும் மறுபடி எழுந்தாரே, அதுலயே எல்லாம் இருக்கு. இன்னொண்ணு. அந்தப் பொண்ணுங்களைப் பார்த்து, நாளையிலேர்ந்து விடியறதுக்கு முன்னாடி வந்துடுங்கம்மா, சண்டை இருக்காதுன்னு அவரு சொல்லலை. அதை நான் சொன்னேன். ஆறு வருஷமா என்கூட வேலை செய்யுறவங்களை அஞ்சு மணிக்கு வர வச்சேன். வர முடியாத ஒருத்தியைக் குத்திப் பேசினேன். துரத்துறவனை ஒரு வார்த்தை கேக்கலை. நாளையிலேர்ந்து நான் ஆறு மணிக்குத்தான் வேலைக்குப் போவேன். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

உட்கார்ந்துவிட்டாள். ஆமென் சொல்லவும் மறந்துபோனாள். போதகர் அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்தார், அதுவும் சுருதி சேராமல். வாசலில் செருப்பை மாட்டும்போது சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லாப் பேசினீங்கம்மா. பட்டியல் புதன்கிழமை போகுது, ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார். நல்லாவே இருக்கு."

அன்று சாயங்காலமே நெட்டை வீட்டுக்கும் பாட்டுக்காரி வீட்டுக்கும் போனாள். பாட்டுக்காரி கொஞ்ச நேரம் பாடாமல் யோசித்துவிட்டுச் சரி என்றாள். நெட்டை கையெடுத்துக் கும்பிட்டாள். "என் தலையில கல்லைப் போடாத அக்கா. எனக்கு ஏற்கெனவே ஒரு புள்ளி இருக்கு. நான் அஞ்சுக்கே போறேன், என்னை விட்டுடு." ஜட்ஜம்மாவுக்குப் பிஸ்கட் ஆலையின் முப்பது தலைகளும் கண் முன்னால் வந்தன. இந்தத் தடவை அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிடி, நீ உன் நேரத்துக்கே போ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குச் சலவைக்கூடத்தில் நெட்டை தன் விரிப்பை முடித்து மடித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. குட்டி வந்ததும் ஜட்ஜம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"அன்னைக்குக் கேட்டேனே, உனக்கு என்ன கொறஞ்சுபோச்சுன்னு. தப்புடி அது. மனசுல வச்சுக்காத. இன்னைக்கு முதல் முறை உன்னோடது."

குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு விரிப்பை உள்ளே போட்டாள். ஆறரைக்கு அது முடிந்தது. ஜட்ஜம்மா தன் விரிப்பை ஏற்றி, கைப்பிடியில் பட்டையைக் கட்டினாள். பட்டை கட்டின கை இன்னும் கீழே இறங்கவில்லை, கோட்டுத் தம்பி வந்துவிட்டான்.

"என்னக்கா, இன்னைக்கு லேட்டா வந்தீங்களா? தள்ளுங்க, டாக்டர் கோட்டு."

அவள் டிரையர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் விரிப்புகள் புரளுவது தெரிந்தது.

"எட்டு மணிக்கு வா தம்பி. அதுவரைக்கும் ஷீட்டு."

"அக்கா, விளையாடாதீங்க. நீங்க யாரு முறை வைக்கிறதுக்கு?"

"யாருமில்ல. பட்டை கட்டியிருக்கு பாரு, கண்ணு தெரியுதுல்ல?"

அவன் கையை நீட்டினான். அவள் அசையவில்லை. ஐம்பத்தொரு வயதுப் பெண்ணைத் தள்ளிவிட்டு டிரையரைத் திறக்க அவனுக்கும் துணிச்சல் வரவில்லை. போனை எடுத்தான். பத்தொன்பது வருஷத்தில் எட்டு மணிக்கு முன்னால் வராத சூப்பர்வைசர் அன்றைக்கு ஆறேமுக்காலுக்கே வந்தார். ஜட்ஜம்மாவின் விரிப்பு அப்போதுதான் பாதி காய்ந்திருந்தது. வந்தவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராகச் சுவர்ப் பக்கம் போய் டிரையரின் சுவிட்சை அணைத்தார்.

"ஒழுங்கா கோட்டுக்கு விடுங்க. இல்லன்னா யாருக்கும் கிடையாது."

"சரி சார், யாருக்கும் கிடையாது" என்று ஜட்ஜம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு டிரையர் முன்னாலேயே உட்கார்ந்தாள். கால் வேறு வலித்தது.

குட்டியின் விரிப்பும் நெட்டையின் விரிப்பும் நேரத்துக்கு மேலே போய்விட்டன. ஜட்ஜம்மாவின் வார்டுக்கு அரைகுறை, பாட்டுக்காரியின் வார்டுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்பது மணிக்குப் பெரிய சிஸ்டர் படியிறங்கி வந்தார். வார்டுகளுக்கெல்லாம் தலைமை நர்ஸ் அவர். அடித்தளத்தில் அவர் கால் பட்டு யாரும் பார்த்ததில்லை. படுக்கையெல்லாம் வெறும் மெத்தையாகக் கிடந்தால் எவருக்கும் கால் தானாகவே கீழே வரும்.

"இன்னைக்கு ஏன் லேட்டு?"

"இவங்க லேட்டா வந்தாங்க மேடம்" என்றார் சூப்பர்வைசர் முந்திக்கொண்டு.

"எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஆறு மணிக்கு சிஸ்டர்" என்றாள் ஜட்ஜம்மா.

"டியூட்டி எத்தனை மணிக்கு?"

"ஆறு மணிக்கு."

பெரிய சிஸ்டர் சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆறு வருஷமா அஞ்சு மணிக்கு வந்துக்கிட்டிருந்தோம் சிஸ்டர். ஆறரைக்கு எங்க ஷீட்டை வெளிய தூக்கிப் போட்டுட்டுக் கோட்டைப் போடுறாங்க, அதனால. நாங்க திருட்டுத்தனமா முன்னாடி வந்து முடிச்சதால உங்களுக்கு எல்லாம் நேரத்துக்கு வந்துச்சு, நீங்களும் கேக்கலை. தப்பு எங்களோடதுதான். இங்க என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாத மாதிரி நாங்களே மூடி வச்சுட்டோம்."

"எனக்கு உங்க சண்டையெல்லாம் வேண்டாம். ஷீட்டு வேணும்" என்றார் பெரிய சிஸ்டர். மேசையில் கிடந்த ஒரு ஈரக் கோட்டைத் தூக்கிப் பார்த்தார். "இது எப்போ போடுறது?"

கோட்டுத் தம்பி காலை மாற்றி நின்றான். பின்னாலிருந்து குட்டி சொன்னாள், "நாளைக்கு சிஸ்டர்."

"எட்டு மணிவரைக்கும் ஷீட்டு. அப்புறம்தான் கோட்டு. எழுதி ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பாராட்டும் இல்லை, ஆறுதலும் இல்லை. சூப்பர்வைசர் சுவிட்சைப் போட்டார். பிறகு புத்தகத்தைத் திறந்து ஜட்ஜம்மா பெயருக்கும் பாட்டுக்காரி பெயருக்கும் எதிரே ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி வைத்தார். வைக்கும்போது ஜட்ஜம்மாவைப் பார்த்துக்கொண்டே வைத்தார்.

வியாழக்கிழமை லிப்ட்காரர் லிப்டை விட்டு இறங்கி அடித்தளத்துக்கு வந்தார். அதுவே அதிசயம். பலகையில் ஒட்டியிருந்த பட்டியலை இரண்டு தடவை படித்துவிட்டு வந்திருந்தார்.

"உன் பேரு இல்லம்மா."

"தெரியும்ங்க" என்றாள். பஞ்சுக் குப்பை போடுகிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கலங்கவில்லை என்று எழுதினால் அது பச்சைப் பொய். நன்றாக அழுதாள். பத்தொன்பது வருஷத்து ஆசை அது. வெளியே வந்தபோது புருஷன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "என்னைத் திட்டணும்னா திட்டிடு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நெட்டை ஆறு மணிக்கு வந்திருந்தாள். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

செய்தி அடித்தளத்தோடு நிற்கவில்லை. சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிற பெண்கள் முதலில் லிப்ட்காரரிடம் விசாரித்தார்கள். அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி இறங்கி வந்தாள், மறுநாள் இருவர். ஜட்ஜம்மா மடித்துக்கொண்டே கேட்டாள், கேட்டுக்கொண்டே மடித்தாள்.

மாதம் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவளை மேலே கூப்பிட்டார்கள். இருபதாவது தாள். மற்ற வருஷங்களில் எங்கே கையெழுத்து என்று மட்டும் பார்த்துப் போடுவாள். இந்தத் தடவை உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். சூப்பர்வைசர் பொறுமை இழந்து பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கடைசிக்கு முந்தின வரி புதிது. வேறு பிரிவு ஊழியர்களின் விஷயங்களில் தலையிட மாட்டேன், அவர்களைக் கூட்டிப் பேச மாட்டேன்.

அவள் பேனாவை வாங்கி அந்த வரியை இடமிருந்து வலம் நிதானமாக அடித்தாள். கீழே கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள்.

"என்னம்மா பண்றீங்க? இதெல்லாம் மாத்தக்கூடாது."

"மாத்தலை சார். என்னால செய்ய முடியாததைச் செய்யுறேன்னு எழுதிக் குடுக்க முடியாது. சின்ன வயசுலேர்ந்தே முடியலை. நடுவுல கொஞ்ச வருஷம் முடியுற மாதிரி நடிச்சுப் பார்த்தேன், அதுவும் முடியலை."

"அப்போ ஒப்பந்தம் கிடையாது."

"சரி. அப்போ என்னை அனுப்புறேன்னு ஒரு தாள்ல எழுதுங்க. காரணத்தையும் எழுதுங்க, இந்த வரியை அடிச்சதாலன்னு. பெரிய சிஸ்டர்கிட்ட நானே கொண்டுபோய்க் குடுத்துடுறேன்."

அவர் வெள்ளைத் தாளை எடுத்தார். பேனாவை அதன்மேல் வைத்தார்.  எழுதவில்லை. பிறகு அடித்த தாளையே தன் பக்கம் இழுத்து, அதன் மூலையில் முத்திரையைக் குத்தினார்.

"போங்க. எதுல போய் முடியுமோ."

"பார்க்கலாம் சார்" என்று எழுந்தாள்.

நடைபாதையில் சமையற்கட்டுப் பெண்கள் மூன்று பேர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். ரப்பர் ஏப்ரனிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்த ஒருத்தி, ஜட்ஜம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. ஜட்ஜம்மா ஜன்னல் திண்டில் உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"உட்காருங்கடி. இப்போ சொல்லுங்க, உங்க பக்கம் யாரு, என்ன பண்றாங்க?"